ஒரே அறை, ஒரே பழக்கம்: எனக்கு எடை ஏறுகிறது, நண்பனுக்கு இறங்குகிறது

மூன்றாம் ஆண்டு மாணவன்:
விடுதியில் நானும் நண்பனும் ஒரே அறை. இருவரும் காலையில் சாப்பிடாமல் வகுப்புக்கு ஓடுவோம், இரவு 2 மணிக்கு முன் தூங்குவதில்லை. நான் 170 செ.மீ., 69 கிலோ. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபின் ஏறியதுதான் நிறைய. அவன் 172 செ.மீ., 51 கிலோ, இன்னும் இறங்குகிறது. எடையைக் குறை என்று எல்லோரும் என்னைத்தான் சொல்கிறார்கள். அவனைப் பார்த்தால் "கொடுத்துவைத்தவன், உடம்பே போடாது" என்கிறார்கள். எனக்கோ அவனை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது. மாடி ஏறினாலே அவனுக்கு மூச்சு வாங்குகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது. அவனிடம் எப்படிப் பேசுவது?

உணவியல் மாணவி:
பயம் நியாயமானதுதான். உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பி.எம்.ஐ. எண் உங்களுக்கு 23.9, அவருக்கு 17.2. 18.5-க்குக் கீழே இருந்தாலே எடைக்குறைவு. மூச்சு வாங்குவதும் தலைசுற்றலும் ரத்தசோகையாக இருக்கலாம். காரணம் தெரியாமல் எடை இறங்கினால் தைராய்டு, சர்க்கரை இரண்டையும் பார்த்துவிட வேண்டும். ஒல்லியான இளைஞர்களுக்கும் சர்க்கரை நோய் வரும். ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

உங்களுக்கும் ஒன்று. பி.எம்.ஐ. 25 வரை பரவாயில்லை என்று இருந்துவிடாதீர்கள். ஆசியர்களுக்கு 23-இலிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் எழுதியது. இடுப்பை அளந்து பாருங்கள். உயரத்தில் பாதிக்குள், அதாவது 85 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

பழைய விடுதிக்காரன்:
தம்பி, தூக்கத்தை விட்டுவிட்டு எதைச் சரிசெய்தாலும் நிற்காது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் குறையும். நடுராத்திரி நொறுக்குத்தீனிக்குக் கை போவது அதனால்தான். நண்பர் இரவில் விழித்திருக்க என்ன செய்கிறார்? சிகரெட் பசியை அடக்கிவிடும், காபியும் அடக்கலாம். மனசு சரியில்லாவிட்டாலும் சாப்பாடு இறங்காது. அவரிடம் எடையைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். "தலை சுற்றுகிறதே, வா, டாக்டரைப் பார்ப்போம்" என்று கூடவே போங்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவன்:
சரியாகச் சொன்னீர்கள் அண்ணா, தேர்வு நெருங்கினால் அவனுக்கு ராத்திரிச் சாப்பாடே காபிதான். நானும் பரிசோதனை செய்துகொள்கிறேன் என்றதும் வருகிறேன் என்றான். வெறும் வயிற்றோடு போக வேண்டுமா?

உணவியல் மாணவி:
வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்ப்பதென்றால் குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம். ஹீமோகுளோபினுக்கு அது தேவையில்லை. ரத்தம் கொடுத்த கையோடு அவருக்குச் சாப்பிட ஏதாவது எடுத்துப் போங்கள். தலை சுற்றும் ஆளை அப்படியே நடக்க விடாதீர்கள்.