டிப் ஸ்டிக்கில் ஆயில் குறையல, கூடுது: செகண்ட் ஹேண்ட் டீசல் பிக்கப், இன்ஜின் இறக்கச் சொல்றாங்க

ஆத்தங்குடி_லோடு

அண்ணன்மாருக்கு வணக்கம். வண்டி 2018 மாடல் பிக்கப். 2.5 லிட்டர், நாலு சிலிண்டர், காமன் ரெயில் (டீசல் தெளிக்கிற இன்ஜெக்டர் எல்லாத்துக்கும் ஒரே குழாய்ல இருந்து ஹை பிரஷர்ல டீசல் போற வகை), பிஎஸ்4 (புகை அளவு விதி). கம்பெனி பேர் போடல, போட்டா பேச்சு அந்தப் பக்கம் போயிரும். ஆடியில விலை இறங்கும்னு காத்திருந்து காரைக்குடிப் பக்கம் ஒருத்தர்கிட்ட வாங்குனது. மீட்டர்ல 1,40,000 காட்டுது, எனக்கு நம்பிக்கை இல்ல. கிளச் பெடல் ரப்பர் தேஞ்சு இரும்பு தெரியுது.

ஓட்டம் பூரா டைல்ஸ் லோடு. பத்துக்குப் பத்து கல்லு ஒண்ணு ரெண்டரை, மூணு கிலோ வரும், அடுக்குறப்ப கொஞ்சமாத் தெரியும், டன் கணக்கு சீக்கிரம் ஏறிரும்.

பிரச்சனை என்னன்னா, காலையில ரொம்ப நேரம் செல்ஃப் அடிச்சாத்தான் எடுக்குது. எடுத்ததும் வெள்ளைப் புகை, கண்ணு எரியுது. கொஞ்ச நேரம் தட்டித் தட்டி ஓடிட்டு சூடானதும் சரியாயிரும். இழுவையும் பரவாயில்ல. போன வாரம் டிப் ஸ்டிக்கை (இன்ஜின் ஆயில் மட்டம் பார்க்கிற கம்பி) இழுத்துப் பார்த்தா ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரக்கடை நிக்குது. நான் ஒரு சொட்டுகூட ஊத்தல. தண்ணி கலந்துருச்சோன்னு பார்த்தேன். வெண்ணெய் மாதிரி திரியல, கருப்பாத்தான் இருக்கு, ஆனா நீர்க்க வடியுது. ரேடியேட்டர் தண்ணியும் குறையல.

இங்க மெக்கானிக் ஆயில் மூடிய திறந்து காட்டி, "பாரு புகைய, பிஸ்டன் ரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும், எண்பதாயிரத்துக்கு மேல ஆகும்"கிறார். இறக்கத்தான் வேணுமா? இல்ல வந்த விலைக்குத் தள்ளிவிட்டுரலாமா?

207_காரன்

இதுக்குத்தான் சொல்றது, பம்ப் வண்டி (பம்பே ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனித்தனியா டீசல் தள்ளுற பழைய வகை) வாங்குங்கன்னு. என்கிட்ட பழைய டாடா 207 டிஐ நிக்குது, 2956 சிசி. கம்ப்யூட்டரும் கிடையாது, சென்சாரும் கிடையாது. வழியில நின்னா நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்து, வீடு வந்து சேரலாம்.

ரஸ்தா_டிரைவர்

207 அண்ணே, அவரு வாங்கிட்டாரு. இனி அதைச் சொல்லி என்ன பண்றது.

தம்பி, முதல்ல வண்டிய ஓட்டாதீங்க. ஆயில் கூடுதுன்னா வெளியிலிருந்து என்னமோ உள்ள வருது. தண்ணி இல்லைன்னா டீசல்தான். ஸ்டிக்கை மோந்து பாருங்க. இன்னொண்ணு, ஒரு சொட்டை நியூஸ் பேப்பர்ல விட்டு ராத்திரி பூரா விட்டுருங்க. நடுவுல கருப்பு நின்னு, சுத்தி வெளிறுன வளையம் விரிஞ்சு போச்சுன்னா டீசல் கலந்திருக்கு.

பம்ப்_கடை_மதுரை

ரஸ்தா சொன்னது சரி. ரிங் தேஞ்ச இன்ஜின் ஆயிலைக் குடிக்கும், சேர்க்காது. சைலன்சர்ல நீலப் புகை வரும், ஸ்டிக்ல மட்டம் இறங்கும். உங்களுக்கு நேர்மாறா நடக்குது. அதனால இறக்குறதுக்கு முன்னாடி டீசல் பக்கம் பார்க்கணும்.

இந்த வகை இன்ஜின்ல ஆயில்ல டீசல் கலக்குறதுக்கு ரெண்டு வழிதான் நான் அதிகம் பார்க்குறது. ஒண்ணு, இன்ஜெக்டர் நாசில் முனை சரியா மூடாம ஒழுகுறது. ராத்திரி நின்ன வண்டியில அந்த சிலிண்டருக்குள்ள டீசல் சொட்டும், ஓடுறப்பவும் பூவா தெளிக்காம தாரையா விழும். எரியாதது சிலிண்டர் லைனர் சுவத்துல இருக்கிற ஆயிலைக் கழுவிக்கிட்டு ரிங் வழியா கீழே சம்புக்கு (ஆயில் தொட்டி) இறங்கும். உங்க காலைப் புகை, தட்டல், கண் எரிச்சல் எல்லாம் இதோட பொருந்துது. ரெண்டாவது, ஹை பிரஷர் பம்போட ஷாஃப்ட் சீல். பம்ப் டைமிங் பக்கம் மாட்டியிருந்தா, சீல் போனதும் டீசல் நேரா ஆயிலுக்குள்ள போயிரும். அப்படி இருந்தா பெரும்பாலும் காலைத் தட்டல் இருக்காது.

பிஎஸ்6 வண்டியா இருந்தா மூணாவதா ஒண்ணு சொல்லியிருப்பேன். டிபிஎஃப்ங்கிற புகை ஃபில்டர்ல சேர்ந்த கரியை எரிக்கிறதுக்காக கடைசியில கூடுதலா டீசல் விடும், வண்டி பக்கத்துப் பக்கத்துலயே ஓடுனா அது முழுசா எரியாம ஆயில்ல சேரும். உங்களுது 2018, அந்தப் பேச்சே வேணாம்.

ஆயில் மூடிப் புகைய வச்சு ரிங் போச்சுன்னு முடிவு கட்டுறதும் அவசரம். டீசல் கலந்த ஆயில் சூடானாலே மூடியில ஆவி வரும். ஆயிலை மாத்திட்டு, மூடிய தலைகீழா வாய்மேல வச்சுப் பாருங்க. லேசா ஆடுனா பரவாயில்ல. தூக்கி எறிஞ்சா மட்டும் ரிங் பக்கம் போகலாம்.

கல்லல்_பையன்

ரிட்டர்ன் டெஸ்ட் வீட்லயே பண்ணலாமே அண்ணே? நாலு இன்ஜெக்டர் ரிட்டர்ன் குழாயையும் கழட்டி நாலு பாட்டில்ல விட்டு ஐடிலிங்ல ஓட்டி, எதுல அதிகம் நிறையுதோ அது போச்சுன்னு வீடியோல பார்த்தேன்.

பம்ப்_கடை_மதுரை

பண்ணலாம் தம்பி, ஆனா அது பாதிக் கதைதான். ரிட்டர்ன் அதிகம் வந்தா இன்ஜெக்டர் உள்ளே வால்வு தேஞ்சிருக்கு, ரெயில்ல பிரஷர் ஏறாது, செல்ஃப் நிறைய அடிக்கணும்னு அர்த்தம். நாசில் முனை ஒழுகுறதை அது காட்டாது. நாலு பாட்டிலும் சமமா இருந்துச்சுன்னு நிம்மதியா இருந்துராதீங்க. டெஸ்ட் பெஞ்ச்ல (இன்ஜெக்டரைத் தனியா மாட்டிச் சோதிக்கிற மெஷின்) ஏத்தித்தான் பார்க்கணும்.

இதைப் படிக்கிற எல்லாருக்கும் ஒண்ணு. பம்ப் வண்டியில எந்த சிலிண்டர் அடிக்கலைன்னு பார்க்க, ஓடிக்கிட்டிருக்கும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்துவோம். அந்தக் கை வாட்டத்துல காமன் ரெயில்ல தொட்டுராதீங்க. ஐடிலிங்லயே டீசல் பிரஷர் 250 பார் (bar) பக்கம் நிக்கும், மிதிச்சா ஆயிரத்தைத் தாண்டும். அந்தத் தாரை தோலைத் துளைச்சு உள்ள போயிரும், வெளியில ஊசி குத்துன மாதிரிதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். காமன் ரெயில்ல இன்ஜெக்டருக்குப் போற கரண்ட் கப்ளரை (ஒயர் பிளக்) ஒவ்வொண்ணா உருவிப் பாருங்க. எதை உருவுறப்ப சத்தம் மாறலையோ அந்த சிலிண்டர்தான்.

ரஸ்தா_டிரைவர்

ஓட்டாதீங்கன்னு சொன்னதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. மட்டம் ரொம்ப ஏறுனா ஆயிலே பிரீதர் (இன்ஜின் ஆவி வெளியேறுற குழாய்) வழியா காத்து உள்ள போற இன்டேக்குக்குப் போய், இன்ஜின் அதைக் குடிச்சுக்கிட்டு தானா ஏறும். சாவியை அணைச்சாலும் நிக்காது. அப்படி ஆச்சுன்னா டாப் கியர் போட்டு பிரேக்கை மிதிச்சுக்கிட்டு கிளச்சை விட்டு இன்ஜினைத் திணறடிச்சு நிறுத்திரணும். இல்லைன்னா ஏர் வாயைப் பலகை வச்சு அடைக்கணும், கையை வைக்கக் கூடாது. அதுவும் நடக்கலைன்னா விலகி ஓடிருங்க, போறது இன்ஜின்தானே.

ஆத்தங்குடி_லோடு

பேப்பர்ல விட்டுப் பார்த்தேன், வளையம் நல்லா விரிஞ்சிருக்கு. கப்ளர் உருவிப் பார்த்ததுல மூணாவதுதான் சத்தம் மாறல. நாலையும் கழட்டி மதுரைக்கு அனுப்பலாம்னு இருக்கேன். ஆர்சி இன்னும் பழைய ஆள் பேர்லயே இருக்கு, எஃப்சி (ஃபிட்னஸ் சர்டிபிகேட்) வேற வருது. வண்டி சரியாகாட்டி எதுக்குப் பேர் மாத்துறதுன்னு விட்டுவச்சிருக்கேன்.

புதுவயல்_கணக்கு

தம்பி, இன்ஜின் பேச்சு எனக்குத் தெரியாது. மில்லுல நாலு வண்டிக்குப் பேப்பர் பார்க்கிறவ, அதைச் சொல்றேன். பேர் மாத்துறதைத் தள்ளிப்போடாதீங்க. வித்தவர் 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும், வாங்குனவர் 30 நாளுக்குள்ள. இன்சூரன்ஸ் மாத்தவும் 14 நாள்தான். நடுவுல விபத்துன்னா ஆர்சியில யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர்னு 2018-ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. பழைய ஆளுக்கு வம்பு, உங்களுக்கு கிளைம் வாங்குறப்ப தலைவலி.

ஆர்சியில ஹைப்பாத்திகேஷன் (லோனுக்கு வண்டி அடமானம்) இருக்கான்னு பார்த்தீங்களா? வாயால "லோன் முடிஞ்சுருச்சு"ன்னு சொல்றதை எல்லாம் கணக்குல எடுக்காதீங்க. ஃபைனான்ஸ் கம்பெனியோட ஆட்சேபணை இல்லைங்கிற என்ஓசியும், அடமானம் நீக்குற ஃபார்ம் 35-ம் கையில வரணும். 2018 மாடல்னா எட்டு வருஷம் 2026-ல முடியுது. அதுவரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா இருந்த எஃப்சி, அதுக்கப்புறம் வருஷா வருஷம். வண்டிய வச்சுக்கிறதா விக்கிறதான்னு யோசிக்கிறப்ப அந்தச் செலவையும் சேர்த்துக்கோங்க.

207_காரன்

அக்கா சொன்னா சரிதான். ஆனா தம்பி, இத்தனை அலையுறதுக்கு ஒரு பம்ப் வண்டி...

பம்ப்_கடை_மதுரை

207 அண்ணே, பம்ப் வண்டி நாசில் ஒழுகுனாலும் இதே மாதிரிதான் ஆயில்ல டீசல் இறங்கும். வாரத்துக்கு ஒண்ணு என் பெஞ்சுக்கு வருது. உங்களுது வராம இருக்குன்னா நீங்க ஃபில்டரை ஒழுங்கா மாத்துறீங்க, அவ்வளவுதான்.

லோடு தம்பி, இன்ஜெக்டரைக் கழட்டுறப்ப எந்த சிலிண்டர்ல எது இருந்ததுன்னு குறிச்சு அனுப்புங்க. அடியில செம்பு வாஷர் ஒண்ணு இருக்கும், திரும்ப மாட்டும்போது புதுசுதான் போடணும். பழைய வாஷர் குழியில ஒட்டியிருக்கிறதைப் பார்க்காம மேல இன்னொண்ணு போட்டு மாட்டுற ஆளுங்க இருக்காங்க, நாசில் உயரம் மாறிப் புகை நிக்காது. இன்ஜெக்டர் தலையில கோட் நம்பர் எழுதியிருந்தா, புதுசு மாத்துறப்ப அதை ஸ்கேனர்ல ஏத்தணும். இன்ஜெக்டர் வெளியில இருக்கும்போதே அந்தத் துளை வழியா கம்ப்ரஷன் (சிலிண்டர் காத்தை எவ்வளவு அழுத்துதுங்கிற அளவு) எடுத்துருங்க, இன்ஜின் இறக்கணுமாங்கிற கேள்விக்குப் பதில் அங்கதான் இருக்கு.

ஆத்தங்குடி_லோடு

பெஞ்ச் ரிசல்ட் வந்துருச்சு. மூணாவது சொட்டுது. மத்த மூணும் பாஸ். ரிட்டர்ன் நாலும் சமமாத்தான் இருந்துச்சாம், அண்ணன் சொன்ன மாதிரியே. நாசிலோட உள்ள துருத் தூள், கேன் டீசலாலதான்னு சொன்னாங்க. வித்தவர் தோப்புக்குள்ள நிறுத்தி கேன்ல ஊத்தி ஓட்டுன வண்டி. டேங்கையும் கழுவிட்டேன், ஃபில்டர் புதுசு. கம்ப்ரஷன் 26, 27, 22, 26 பார். ஆயில் மாத்தி லோடு இல்லாம குன்றக்குடி வரை ஓட்டிட்டு வந்தேன், காலையில ஒரே செல்ஃப்ல எடுக்குது, மட்டம் நிக்குது. மூணாவது 22 இருக்கே, அதுக்கு இறக்கணுமா?

பம்ப்_கடை_மதுரை

இப்ப வேணாம். ஆயில் கழுவிப்போன லைனர்ல கம்ப்ரஷன் குறைவாத்தான் காட்டும், ரிங் திரும்பப் படிஞ்சதும் கொஞ்சம் ஏற வாய்ப்பிருக்கு. இப்ப ஊத்துன ஆயிலை 500 கிலோமீட்டர்லயே ஃபில்டரோட இறக்கிருங்க, உள்ள ஒட்டியிருக்கிற டீசல் அதுல வந்துரும். அதுவரை பாதி லோடுதான். சூடுல ஐடிலிங்ல ஆயில் லைட் மினுக்குதான்னு பாருங்க, மினுக்குனா பேரிங் அடி வாங்கியிருக்கு, அப்ப இறக்கத்தான் வேணும். மினுக்கலைன்னா 5000 கழிச்சு மறுபடி கம்ப்ரஷன் எடுப்போம். 22-லயே நின்னா ஓட்டலாம், 20-க்குக் கீழ போனா பேசுவோம்.

ஆத்தங்குடி_லோடு

லைட் மினுக்கல. வண்டிய வச்சுக்கிறேன். அக்கா, ஆர்சியில ஹைப்பாத்திகேஷன் அப்படியே இருக்கு. ஃபைனான்ஸ் ஆபீஸ்ல என்ஓசி திங்கக்கிழமை தர்றேன்னுருக்காங்க.

புதுவயல்_கணக்கு

போறப்ப பழைய ஓனரையும் கூட்டிட்டுப் போங்க. ஃபார்ம் 35-லயும் அவர் கையெழுத்து வேணும், வித்ததைத் தெரிவிக்கிற ஃபார்ம் 29 ரெண்டு பிரதியிலயும் வேணும். அவர் இன்னொரு தடவை கைக்குக் கிடைக்கிறது கஷ்டம், பேர் மாத்தக் கேக்குற ஃபார்ம் 30-யையும் எடுத்துட்டுப் போய் ஒரே நாள்ல வாங்கிருங்க.