டோக்கியோ ஒலிம்பிக் கராத்தே: அந்த உதையைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

அகழியோரம் (டோக்கியோ)

2021 ஆகஸ்ட் 7 இரவு நான் நிப்பான் புதோகான் அரங்குக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். 2019இல் குலுக்கலில் கிடைத்த டிக்கெட்டின் பணம் எப்போதோ திரும்ப வந்துவிட்டது. கொரோனாவால் பார்வையாளர் எவருக்கும் அனுமதி இல்லை. ஆனாலும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. குடான்ஷிதா ஸ்டேஷனில் இறங்கி, அகழிக்கரையில் நின்று செல்போனில் பார்த்தேன். சில்வண்டுகள் காதைத் துளைத்தன. மரங்களுக்கு மேலே அரங்கின் எண்கோணக் கூரை.

ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிப் போட்டி. சவூதி அரேபியாவின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவருடைய நாடு அதுவரை ஒலிம்பிக்கில் ஒரு தங்கம்கூட வாங்கியதில்லை. ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதே நெருங்கி வந்தார். ஹமேதியின் கால் எழுந்தது. கஞ்ச்சாதே மரம் சாய்வதுபோல் மல்லாந்து விழுந்தார்; அசையவில்லை. ஆக்சிஜன் வைத்து ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஹமேதி கையை உயர்த்திக் கொண்டாடினார். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். அளவு மீறிய அடி என்று அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். நின்றவருக்கு வெள்ளி, விழுந்தவருக்குத் தங்கம். ஹமேதி அழுததைப் பார்த்து எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் நாயுடன் நின்ற ஜப்பானிய முதியவர் என் செல்போனை எட்டிப் பார்த்து, "சுந்தோமே" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு நடந்தார். அடி படுவதற்கு ஓர் அங்குலம் முன்னால் நிறுத்துவது என்று பொருள். அன்று அந்தத் தீர்ப்பு அநியாயம் என்றே கொதித்தேன். கராத்தே பழகியவர்கள் சொல்லுங்கள்.

மாஸ்டர் (சேலம்)

தம்பி, அது அநியாயம் இல்லை. கேட்க வலித்தாலும் அதுதான் சரியான தீர்ப்பு.

குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைத்தால் 2, தலைக்கு உதைத்தால் 3. ஏன் தலைக்கு அதிகம்? கால் அவ்வளவு உயரம், அவ்வளவு வேகத்தில் போய், தோலைத் தொட்டும் தொடாமலும் திரும்புவது கடினம் என்பதால்தான். ஹமேதி அதை அளவோடு போட்டிருந்தால் 7-1. அந்த ஆட்டமே அங்கு முடிந்த மாதிரிதான். அவரிடம் திறமை குறைவில்லை. கால் நான்கு விரற்கடை கூடுதலாகப் போய்விட்டது.

எனக்கு இது தெரியும். 1998இல் மாவட்ட அளவிலான ஒரு போட்டி, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. நான் பிரவுன் பெல்ட். முன்னிலையில் இருந்தேன். எதிரே நின்ற பையனின் கை தாழ்ந்தது தெரிந்தது. கணுக்காலின் மேல்பக்கம் அவன் காதோடு மோதியது. அந்தச் சத்தம், ஈரத் துணியைக் கல்லில் அறைகிற சத்தம், இன்னும் என் காலில் இருக்கிறது. நடுவர் என்னை வெளியே அனுப்பினார். நான் என் மாஸ்டரிடம் போய், "நான்தானே ஜெயித்தேன்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பையை எடுக்கச் சொன்னார். பஸ் பிடித்து அந்தப் பையன் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், கட்டிலருகே உட்கார வைத்தார். அவனுடைய அம்மா எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். அந்த டீயைக் குடிக்க முடியவில்லை.

இப்போது என் பிள்ளைகளுக்கு உதை சொல்லிக்கொடுக்குமுன் ஆறு மாதம் நிறுத்தத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். தொங்கவிட்ட செய்தித்தாள் ஆடலாம், கிழியக் கூடாது.

சவூதி அரசு தங்கத்துக்குரிய 50 லட்சம் ரியாலையே ஹமேதிக்குக் கொடுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

வெள்ளை பெல்ட் அம்மா (கோவை)

நான் உதை பக்கமே போகாதவள்; எதிராளி இல்லாமல் தனியாகச் செய்துகாட்டும் அசைவு வரிசையான கட்டா மட்டும் பழகுகிறேன். மகளைக் கிளாஸில் விட்டுவிட்டு வாசலில் செருப்புகளோடு உட்கார்ந்திருப்பேன். 37 வயதில் இனி என்ன என்று இருந்தேன். ஆகஸ்ட் 5 அன்று ஸ்பெயினின் சாந்திரா சாஞ்செஸைப் பார்த்தேன். 39 வயது. எதிரே ஜப்பானின் கியோ ஷிமிசு, இரண்டு முறை உலகச் சாம்பியன், அதுவும் சொந்த மண்ணில். இருவரும் செய்தது ஒரே கட்டா, சாத்தன்யாரா குசாங்கு. சாஞ்செஸ் 28.06, ஷிமிசு 27.88. ஒலிம்பிக் கராத்தேயின் முதல் தங்கம் அவருக்குத்தான். இளம் வயதில் அவரை ஸ்பெயின் அணியில் சேர்க்கவில்லை; வயதாகிவிட்டது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்த மறு வாரம் மகளின் வரிசைக்குப் பின்வரிசையில் போய் நின்றேன். முதல் திரும்பலிலேயே இடது கால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முன்னால் நின்ற ஏழு வயதுக்காரி பின்னால் கையை நீட்டிக் காட்டிக்கொடுத்தாள்.

பெயர் வேண்டாம்

ஜப்பானின் ஒகினாவாவைச் சேர்ந்த ரியோ கியூனா ஆண்கள் கட்டாவில் தங்கம் வாங்கியபோது அம்மாவின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றார். அம்மா 2019இல் இறந்துவிட்டார். கராத்தே பிறந்த ஒகினாவாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். கொரோனாவால் அவரவர் பதக்கத்தை அவரவரே கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள் அல்லவா, அந்த நேரத்தில் அந்தப் படம் இருந்தது நல்லது என்று தோன்றியது. எனக்கும் அம்மா இல்லை. இதற்கு மேல் எழுத வரவில்லை.

அகழியோரம் (டோக்கியோ)

எல்லோருக்கும் நன்றி. உக்ரைனின் ஸ்தானிஸ்லாவ் ஹொருனா 75 கிலோ பிரிவில் வாங்கிய வெண்கலத்தை 2022இல் தன் நாட்டுப் படைக்காக ஏலம் விட்டார். 20,000 டாலருக்கு மேல் போனது. அடுத்த ஒலிம்பிக்கான 2024 பாரிஸில் கராத்தே இல்லாமல் போனதில் எனக்கு ஆறாத வருத்தம். இப்படிப்பட்டவர்களை உலகம் இன்னொரு முறை பார்த்திருக்க வேண்டும்.

மாஸ்டர் ஐயா, அந்தப் பையன் என்ன ஆனார்?

மாஸ்டர் (சேலம்)

காது பிழைத்துக்கொண்டது. கராத்தேயை விட்டுவிட்டார், ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். அன்று சாயங்காலம் கஞ்ச்சாதேவை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போகும்போது எனக்குப் போன் செய்தார். "பார்க்கிறாயா?" என்றார். "பார்க்கிறேன்" என்றேன். பதக்க மேடையில் இருவரும் அருகருகே நிற்கும் வரை நாங்கள் போனை வைக்கவில்லை.