தேவன் முன்குறித்திருக்க, மனிதன் எப்படிப் பொறுப்பாளியாவான்?

கேள்வி:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். எகிப்தின் ராஜாவான பார்வோன் இஸ்ரவேலரைப் போகவிடாதபடி அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன் என்று கர்த்தர் யாத்திராகமம் 4:21-இலேயே மோசேயிடம் சொல்லிவிடுகிறார். அப்படியிருக்க, அந்தக் கடினத்திற்காகவே பார்வோன் தண்டிக்கப்படுவது எப்படி நியாயமாகும்? எல்லாம் தேவனுடைய தீர்மானத்தின்படியே நடக்கிறது என்னும் அவருடைய இறையாண்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை முழுமையாக ஏற்றால், மனிதனுடைய பொறுப்பு பெயரளவில் மட்டும் நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில் 1:
சகோதரரே, தவளைகளின் வாதை ஒழிந்து இலகுவுண்டானதைக் கண்டதும் பார்வோன் தானே தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான் என்று 8:15 சொல்கிறது; கர்த்தர் கடினப்படுத்தினார் என்பதோ 9:12-இல், கொப்புளங்களின் வாதையின்போது வருகிறது. மனந்திரும்ப விரும்பிய ஒருவனைத் தேவன் தடுத்ததாக அங்கே எதுவும் இல்லை.

பதில் 2:
அந்த வரிசை உதவுகிறது. ஆனாலும் 4:21 முன்னதாகவே நிற்பதால், அது மட்டும் போதாது. நான் நெதர்லாந்து இறையியலாளர் ஆர்மீனியஸின் வழிவந்தோரின் பக்கம் சாய்கிறவன். இரட்சிப்புக்கென்று தேவன் மனிதரைத் தெரிந்துகொள்ளுதல், அவர் முன்னறிந்த அவர்களுடைய விசுவாசத்தின்படி அமைகிறது என்றும், கிருபையை மனிதன் எதிர்க்க முடியும் என்றும் 1610-இல் அவர்கள் எழுதியதை 1618–19-இல் கூடிய டார்ட் சங்கம் என்னும் திருச்சபை மாமன்றம் நிராகரித்தது. எனினும், எருசலேமின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள மனதாயிருந்தும் அவர்களுக்கு மனதில்லாமற்போயிற்று என்று ஆண்டவர் புலம்பியதை (மத்தேயு 23:37) என்னால் கடந்துபோக முடியவில்லை.

பதில் 3:
அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்க வேண்டுகிறேன். பவுல் கைதியாகச் சென்ற கப்பல் புயலில் சிக்குகிறது. அதில் இருந்தவர்கள் 276 பேர். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவதூதன் வாக்களித்ததைப் பவுல் எல்லாருக்கும் அறிவித்தாயிற்று. ஆனால் கப்பலாட்கள் நங்கூரம் போடுகிற பாவனையில் படகை இறக்கித் தப்பியோட முயன்றபோது, ‘தேவன் தீர்மானித்துவிட்டார், போகட்டும்’ என்று பவுல் வாளாவிருக்கவில்லை. இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று நூற்றுக்கு அதிபதியிடம் எச்சரித்தார். போர்ச்சேவகர் உடனே படகின் கயிறுகளை அறுத்துவிட்டார்கள். முடிவை நிர்ணயித்த தேவன், அதற்குச் செல்லும் வழியாக அந்த எச்சரிப்பையும் அந்தக் கீழ்ப்படிதலையுமே பயன்படுத்தினார் என்பதே என் துணிபு. ஆகவே இறையாண்மை மனிதனுடைய செயலை வெறுமையாக்குவதில்லை. அதற்கு உறுதியான பலனைத் தருகிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இரட்சிப்பான காரியத்தில் இது எனக்குத் தெளிவாகிறது. தீமையிலும் இப்படியே சொல்லலாமா?

பதில் 3:
அதே விதமாகச் சொல்லத் துணியேன். தேவன் பாவத்தின் காரணர் அல்லர். ஆயினும் லூக்கா 22:22-இல், மனுஷகுமாரன், அதாவது தாம், தீர்மானிக்கப்பட்டபடியே மரணத்திற்குப் போகிறார் என்று சொன்ன ஆண்டவர் இயேசு, அதே மூச்சில் தம்மைக் காட்டிக்கொடுக்கிறவனுக்கு ஐயோ என்கிறார். அப்படிக் காட்டிக்கொடுத்த யூதாஸை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தானாகவே பிரதான ஆசாரியரிடம் போய், என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டான். அந்த இரண்டு கூற்றுகளும் எந்த இடத்தில் இணைகின்றன என்பதை வேதம் விளக்கவில்லை. ஆதலால் ஒன்றுக்காக மற்றொன்றைக் குறைக்க எனக்கு உரிமையில்லை.