முன்னோர் தோணிக்காரரா, குதிரைப் பட்டாளத்துக்காரரா?

உப்பனாற்றங்கரை (கடலூர் முதுநகர்):
என் பாட்டி ஆங்கிலோ இந்தியர். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு ஞானஸ்நானப் பதிவின் நகல் இருந்தது: பெங்களூர், 1834. தகப்பனார் தொழில் 'ஃபேரியர், 13வது லைட் டிராகூன்ஸ்'. அதை எங்கள் வீட்டில் 'ஃபெரி' என்று வாசித்து, முன்னோர் தோணி ஓட்டியவர் என்றே மூன்று தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். துறைமுகத்தில் வளர்ந்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்? பாட்டி மட்டும் அவர் குதிரை உதைத்துச் செத்ததாகச் சொல்வார். தோணிக்காரரைக் குதிரை ஏன் உதைக்கிறது?

லாடக்காரர் பேரன் (திருப்பாதிரிப்புலியூர்):
தோணியை விட்டு இறங்குங்கள் ஐயா. லைட் டிராகூன்ஸ் என்பது பிரிட்டிஷ் குதிரைப் பட்டாளம். ஃபேரியர் என்றால் குதிரைக்கு லாடம் அடிப்பவர். என் தாத்தா வண்டிமாட்டுக்கு அடித்தவர், அந்த உரிமையில் சொல்கிறேன். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, கால்களைக் கட்டிய பிறகுதான் ஆணியைத் தொடுவார். பிளவுக் குளம்பு என்பதால் காலுக்கு இரண்டு லாடம். குதிரையோ நின்றபடி இருக்கும். அதன் காலைத் தூக்கித் தொடையில் இடுக்கிக்கொண்டு அடிக்க வேண்டும். ஆணி குளம்பின் ஓரத்தில், வலி தெரியாத பகுதியில் ஏறி வெளிப்பக்கம் நுனி எட்டிப் பார்க்கும். அதை முறித்து மடக்கிவிடுவார்கள். நூலளவு உள்ளே போனால் சதை. உதை எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறதா?

கோப்புப்புழு (புதுச்சேரி):
லாடத்தோடு வேலை முடிந்துவிடவில்லை. அந்தக் காலத்துப் பட்டாளத்து ஃபேரியரிடம் ஒரு கோடரி இருந்தது. படுகாயம் பட்ட குதிரையைக் கொல்ல ஒருபக்கம் கூர்முனை. எண் சூடு போட்ட குளம்பை வெட்டியெடுக்க மறுபக்கம் வெட்டுவாய். குதிரை செத்தது, யாரும் விற்றுவிடவில்லை என்பதற்கு அந்தக் குளம்புதான் சாட்சி. சக வீரர்களுக்குக் கசையடி கொடுப்பதும் இவர்கள் தலையில்தான் விழுந்தது. 1846இல் லண்டனை அடுத்த ஹவுன்ஸ்லோவில் ஃபிரடெரிக் ஜான் வைட் என்ற வீரருக்கு இரண்டு ஃபேரியர்கள் 150 அடி கொடுத்தார்கள். அடுத்த மாதமே அவர் இறந்தார். ஊர் கொதித்த பிறகுதான் உச்சவரம்பை 50 ஆக்கினார்கள். மரியாதையான உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள்.

13வது படை 1819 முதல் 1840 வரை இங்கே இருந்தது. உங்கள் முன்னோர் அதற்குள் இறந்திருந்தால், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் 'என்/2' வரிசையில் மதராஸ் மாகாண அடக்கப் பதிவுகளைப் பாருங்கள்.

உப்பனாற்றங்கரை:
கிடைத்துவிட்டது. 1837, வயது 31. காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்: காலரா. பாட்டி உயிரோடு இருந்தால் பதிவேட்டோடு சண்டைக்குப் போயிருப்பார்.

லாடக்காரர் பேரன்:
உதையும் வாங்கியிருப்பார் ஐயா. என் தாத்தாவின் இடது முழங்கால் கடைசிவரை மடங்கவே இல்லை. ஆனால் அவர் செத்தது மஞ்சள் காமாலையில்.