அப்பாவின் நான்கு ரேடியோ செட் குழாய்கள்: ஒன்றுதான் ஒழுங்காகப் பாடுகிறது

வெண்ணாற்றங்கரை எழுதியது:

வணக்கம். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் எங்கள் ஊர். அப்பா 1979இலிருந்து 2004 வரை ரேடியோ செட் வாடகைக்கு விட்டவர். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதம் மாரியம்மன் கோயில் காப்புக்கட்டு என்று சுற்றுப்பட்டு ஊர்களில் எங்கள் குழாய் ஒலிபெருக்கிதான் கத்தும். தொழிலை விட்ட பிறகு மிஞ்சிய நான்கு குழாய்களும் மாட்டுக்கொட்டகைப் பரணில் ஏறின. 2018 நவம்பரில் கஜா புயல் கொட்டகையைச் சாய்த்தபோது பரணோடு கீழே வந்தன. அப்போது கரண்டே பல நாள் இல்லை, குழாயை யார் பார்ப்பது? சாக்கில் கட்டி வைத்ததோடு சரி.

போன மாதம் பிரித்தேன். எல்லாம் அலுமினியக் குழாய், வாய் 16 அங்குலம், பின்னால் மரையில் முறுக்கும், சத்தம் போடுகிற யூனிட். அப்பா சிவப்புப் பெயிண்டில் எண் போட்டிருக்கிறார். கையில் ஒரு மல்டிமீட்டரும், பழைய விலைக்கு வாங்கிய 60 வாட் ஆம்ப்ளிபையரும் இருக்கின்றன. அதில் 4, 8, 16 ஓம், 100 வோல்ட் என்று முனைகள் உண்டு. 16 ஓமில் மாட்டித்தான் பார்த்தேன்.

1ஆம் நம்பர்: மீட்டரில் 12.6 ஓம். கணீரென்று பாடுகிறது.
2ஆம் நம்பர்: 12.2 ஓம். பாடுகிறது, ஆனால் வாயில் போர்வையைப் போட்டு மூடியதுபோல.
3ஆம் நம்பர்: 47 ஓம். காதை உள்ளே விட்டால் எறும்பு பேசுகிற அளவுக்குக் கேட்கிறது.
4ஆம் நம்பர்: 12.9 ஓம். மெதுவாக வைத்தால் சரி, கொஞ்சம் கூட்டினால் கொரகொரக்கிறது.

டவுனில் ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். 4ஆம் நம்பரை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, மூன்றுக்கும் டயாப்ரம் (யூனிட்டுக்குள் அதிர்ந்து சத்தம் எழுப்பும் மெல்லிய தகடு) மாற்ற வேண்டும் என்றார்கள். திருப்பி வாங்கும்போது பின்மூடியில் ஒரு ஸ்குரூ குறைந்தது. அப்பாவுக்கு இப்போது 74 வயது. அவர் சொல்வது: “3 போச்சு, எடைக்குப் போடு. 2 பேசும்.” எப்படித் தெரியும் என்றால் பதில் இல்லை.

இன்னொன்று. 1ஆம் நம்பரில் நாகஸ்வர ரெக்கார்டு போட்டேன். நாகஸ்வரம் கிணற்றடி வரை போகிறது. தவிலில் வலந்தலை மட்டும் டக்டக்கென்று விழுகிறது, தொப்பி காணவே காணோம். இது பழுதா?

டெல்டா டிஜே எழுதியது:

ப்ரோ, 16 ஓமில் மாட்டினால் சத்தம் வராதுதான். எல்லாவற்றையும் 100 வோல்ட் முனையில் போட்டுப் பாருங்க, அலறும்.

கோன் ரிப்பேர் குடவாசல் எழுதியது:

தம்பி, மேலே சொன்னபடி செய்துவிடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன்.

16 ஓம் யூனிட்டை நேராக 100 வோல்ட் முனையில் மாட்டினால் அது கேட்பது 625 வாட். நூறை நூறால் பெருக்கிப் பதினாறால் வகுத்துப் பாருங்கள். உங்கள் ஆம்ப் 60 வாட். முடிந்த மட்டும் கொடுத்து, யூனிட்டுக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயிலையும் எரித்துவிட்டுத் தானும் எரியும். 1988இல் வேலை கற்றுக்கொண்டபோது இதே காரியத்தை நானே செய்திருக்கிறேன். எங்கள் முதலாளி அடிக்கவில்லை. எரிந்த காயிலை ஒரு வாரம் கடைவாசலில் கட்டித் தொங்கவிட்டார், அதற்கு அடியே பரவாயில்லை.

ஆனால் ஒரு வேடிக்கை. டிஜே தம்பி சொன்னது உங்கள் 3ஆம் நம்பருக்கு மட்டும் பொருந்தும். 16 ஓம் யூனிட் மீட்டரில் 11இலிருந்து 13 வரை காட்டும். மீட்டர் பார்ப்பது கம்பியின் தடையை மட்டும்தான், அதனால் பேருக்குப் போட்ட ஓமைவிடக் குறைவாகத்தான் இருக்கும். 47 காட்டினால் அங்கே மீட்டர் பார்ப்பது காயிலை அல்ல, 100 வோல்ட்டை யூனிட்டுக்கு ஏற்றபடி இறக்குகிற லைன் டிரான்ஸ்பார்மரை. பின்மூடியைக் கழற்றுங்கள், உள்ளே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று உட்கார்ந்திருக்கும். பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடம் என்று தூரமாக ஒயர் இழுக்கிற இடத்துக்கு உங்கள் அப்பா பொருத்தியிருப்பார். 100 வோல்ட் லைனில் 20 வாட் வாங்குகிற டிரான்ஸ்பார்மர் ஆம்ப்புக்கு 500 ஓமாகத் தெரியும். அதை 16 ஓம் முனையில் மாட்டினால் எறும்புதான் பேசும். டிரான்ஸ்பார்மரை விலக்கி, அதற்குப் பின்னால் யூனிட்டுக்குப் போகிற இரண்டு ஒயரில் மீட்டரை வையுங்கள். 12 பக்கம் காட்டினால் யூனிட்டுக்கு உயிர் இருக்கிறது. எடைக்குப் போட்டால் ஆறேழு வருஷம் கழித்தும் அழுவீர்கள்.

2ஆம் நம்பர். யூனிட்டைக் கழற்றிவிட்டுக் குழாயின் கழுத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். பரணில் கிடந்த குழாயில் நான் முதலில் தேடுவது குளவிக்கூடு. அதற்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்குமே கழுத்து. மண் முழுக்க அடைக்காவிட்டாலும் போதும், மேல் ஸ்தாயி முழுதும் செத்துவிடும். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், தண்ணீரில் ஊறவைத்தால் தானே கரையும். யூனிட்டைக் கழற்றிய பிறகுதான் தண்ணீர். சொல்லத் தேவையில்லை, ஆனால் சொல்லாமல் விட்டுப் பட்டிருக்கிறேன்.

4ஆம் நம்பர்தான் நிஜமான வேலை. 12.9 காட்டுவதால் காயில் அறுபடவில்லை. காயில் ஆடுகிற காந்த இடுக்கில் துருப்பொடி விழுந்திருக்க வேண்டும், அல்லது கடைக்காரர் திறந்து மூடியதில் டயாப்ரம் மையம் தப்பியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

பார்க்கிற விதம்: போனில் டோன் போடும் ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். யூனிட் குழாயில் மாட்டியே இருக்கட்டும். வெறும் யூனிட்டுக்குச் சத்தம் கொடுக்கக் கூடாது. குழாய்க்குள் இருக்கும் காற்றுதான் டயாப்ரத்துக்குப் பிடிமானம், அது இல்லாவிட்டால் அளவுக்கு மீறி ஆடிக் கிழியும். ஆம்ப்பில் 2 வோல்ட்டுக்கு மேல் போகாமல் வையுங்கள், கால் வாட் ஆகிறது. 400இலிருந்து 4000 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். நல்ல யூனிட் புல்லாங்குழல் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். இடுக்கில் பொடி இருந்தால் ஏதோ ஓர் இடத்தில் அரிசியைச் சுளகில் தேய்ப்பதுபோல் கேட்கும். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்ய டயாப்ரத்தைத் தூக்கும் முன் பென்சிலால் ஒரு கோடு போட்டு, எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப வைக்க வழி செய்யுங்கள். அடியில் மெல்லிய வளையம் இருந்தால் அது எத்தனை என்று எண்ணுங்கள், தொலைக்காதீர்கள். விசிட்டிங் கார்டைக் கீற்றாக வெட்டி, பசை வெளியே இருக்கும்படி பெயிண்டர் டேப்பைச் சுற்றி, இடுக்கில் விட்டுச் சுற்றி எடுங்கள். இரும்புப்பொடி காந்தத்தைப் பிடித்துக்கொண்டு வராது, பத்துப் பதினைந்து தடவை ஆகும். ஊதாதீர்கள், உள்ளேதான் போகும். இரும்பு ஸ்குரூ டிரைவரைப் பக்கத்தில் வைக்காதீர்கள், காந்தம் பிடுங்கி டயாப்ரத்தில் அடிக்கும். காந்தத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் கையே வைக்கக் கூடாது. பழைய அல்னிகோ காந்தமாக இருந்தால் பிரித்த நிமிஷமே வலு இறங்கிவிடும், திரும்பக் காந்தம் ஏற்ற நம் பக்கம் ஆள் தேட வேண்டும்.

மூடும்போது ஸ்குரூக்களைப் பாதி முறுக்கி, குழாயில் மாட்டி, முன்பு எழுதி வைத்த எண்ணில் மெதுவாகச் சத்தம் விட்டு, டயாப்ரத்தை விரல் நுனியால் நூலளவு இப்படி அப்படித் தள்ளுங்கள். கொரகொரப்பு நிற்கிற இடத்தில் எதிரெதிர் ஸ்குரூவாக முறுக்குங்கள். எங்கள் பட்டறையில் இதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆகும்.

தவில் விஷயம் பழுதே இல்லை. வாய் 16 அங்குலம் என்றால் சுற்றளவு சுமார் 128 செ.மீ. காற்றில் ஒலி நொடிக்கு 345 மீட்டர் போகிறது. 345ஐ 1.28 மீட்டரால் வகுத்தால் 270. உங்கள் குழாய் 270 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றையும் ஒழுங்காகத் தள்ளாது. தொப்பி அதற்குக் கீழே கிடக்கிறது. மனிதக் குரலின் தெளிவும் நாகஸ்வரமும் பெரும்பாலும் அதற்கு மேலே. சீர்காழி கோவிந்தராஜன் குரல் குழாயில் மூன்று ஊர் தாண்டிப் போனதற்கு அவர் தொண்டை பாதிக் காரணம், இது மீதிப் பாதி. தொப்பி கேட்க வேண்டும் என்று பேஸைத் திருகினால் கேட்காது, டயாப்ரம்தான் போகும். ரெக்கார்டு போடுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் தொடராக 33 மைக்ரோபாரட் நான்-போலார் (பிளஸ் மைனஸ் இல்லாத) கண்டென்சர் ஒன்று போடுங்கள். கிடைக்காவிட்டால் 68 மைக்ரோபாரட் 100 வோல்ட் சாதாக் கண்டென்சர் இரண்டை மைனஸோடு மைனஸ் சேர்த்தால் 34 ஆகிவிடும். 300 ஹெர்ட்ஸ் பக்கத்துக்குக் கீழே உள்ள சத்தத்தை அது இறக்கிவிடும்.

வேதாரண்யம் உப்புக்காத்து எழுதியது:

குழாயைத் துலக்குவது பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் கடற்காற்றில் அலுமினியத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். வீட்டில் சாம்பலோ சலவை சோடாவோ எடுத்துக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். இரண்டுமே அலுமினியத்தை அரிக்கும். சோப்புத் தண்ணீர், தேங்காய் நார் போதும். ஒடுக்கு விழுந்திருந்தால் கும்பகோணத்தில் பாத்திரத்துக்கு ஒடுக்கு எடுக்கிறவர்களிடம் கொடுங்கள். நான் கொடுத்தேன், உள்ளே மணல் மூட்டையை வைத்து மரக்கொட்டாப்புளியால் தட்டிக் கொடுத்தார். என்ன, குழாயைப் பார்த்ததும் “இதில் என்ன சமைப்பீர்கள்?” என்றார்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. நடந்ததை எழுதுகிறேன்.

2ஆம் நம்பரில் குளவிக்கூடேதான். ஒன்றல்ல, மூன்று அறை. ஒரு வாளித் தண்ணீரில் ராத்திரி முழுதும் ஊறப்போட்டேன், காலையில் சேறாக வந்தது. இப்போது 1ஆம் நம்பருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்பாவிடம் எப்படித் தெரியும் என்று மறுபடி கேட்டேன். 2003இலேயே அதில் குளவி போவதைப் பார்த்தாராம். சொல்லியிருக்கலாமே என்றால், நீ கேட்கவில்லையே என்கிறார்.

3ஆம் நம்பரில் டிரான்ஸ்பார்மர் இருந்தது. விலக்கி அளந்தால் 12.4. கொரடாச்சேரியில் ஒரு கூட்டத்துக்கு, மேடையிலிருந்து கடைத்தெரு வரை ஒயர் இழுக்கப் போட்டதாக அப்பாவுக்கு அப்புறம்தான் நினைவு வந்தது. “போச்சு” என்று சொன்னதைப் பற்றிப் பேச்சே இல்லை.

4ஆம் நம்பர் 1150 ஹெர்ட்ஸில் தேய்த்தது. டேப்பை பதினெட்டுத் தடவை விட்டு எடுத்தேன், கடைசி நான்கு தடவை சுத்தமாக வந்தது. பாதி முறுக்கி மையம் பார்க்கும்போது அப்பா கட்டிலில் இருந்தபடியே “இன்னும் கொஞ்சம்… விடு, அங்கேயே விடு” என்றார். அவருக்கு வலது காது மந்தம், இடது காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் வாட்டில் தேய்ப்பு இல்லை. 5 வாட்டில் இன்னும் லேசாக இருக்கிறது. டயாப்ரத்தின் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு ஒன்று டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. இது மாற்ற வேண்டியதுதானா?

கோன் ரிப்பேர் குடவாசல் எழுதியது:

வெடிப்பு இருந்தால் மாற்றத்தான் வேண்டும், ஒட்டுவது நிற்காது. கடைக்குப் போகும்போது பழைய டயாப்ரத்தையே கையில் கொண்டு போங்கள். காயிலின் விட்டம், ஸ்குரூ ஓட்டைக்கு ஓட்டை தூரம், ஓம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வாட்டை மட்டும் சொல்லி வாங்கினால் உட்காராது.

நான்கும் சரியான பிறகு இரண்டிரண்டாகச் சேர்த்து மாட்டுவீர்கள் அல்லவா, அப்போது பிளஸ் மைனஸ் பாருங்கள். இரண்டு குழாயையும் ஒட்டி ஒரே திசையில் வைத்து, நடுவில் நின்று பேச்சு ரெக்கார்டு கேளுங்கள். ஒன்றின் ஒயரை மாற்றிப் போட்டால் குரல் மெலிகிறதா கனக்கிறதா என்று தெரியும். கனக்கிற பக்கம்தான் சரி. 16 ஓம் இரண்டை இணையாகப் போட்டால் 8 ஆகும், ஆம்ப்பில் 8 ஓம் முனைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

வாய் வயல் பக்கம் இருக்கட்டும். ஒரு வாட்டுக்கே ஒரு மீட்டரில் 105 டெசிபல் பக்கம் போகும் சாமான் இது. குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டு விதியில் பகலுக்கு 55, ராத்திரிக்கு 45 டெசிபல்தான். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெளியில் போடவே கூடாது.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

நன்றி ஐயா. டயாப்ரத்தைப் பஞ்சில் சுற்றி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன், வியாழக்கிழமை தஞ்சாவூர் போகிறேன். கண்டென்சர் போட்டுவிட்டேன். காலை 5 மணிக்குப் பாட்டுப் போட்டால்தான் குழாய்க்கு மரியாதை என்று அப்பா சொன்னார். அந்த 6 மணி விதியைப் படித்துக் காட்டினேன். அப்படியென்றால் குழாயைக் கொல்லைப் பக்கம் கட்டு, வயலுக்கு விதி கிடையாது என்கிறார். போல்ட்டும் அவரே தேடிக்கொண்டிருக்கிறார், குறைந்த அந்த ஒரு ஸ்குரூவுக்கும் சேர்த்து.