அப்பாயி படத்தில் இருந்த நான்கு பூக்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருந்த அப்பாயி (அப்பாவின் அம்மா) படத்தைச் சின்ன வயதில் நான் நம்பியதே இல்லை. எனக்குத் தெரிந்த அப்பாயிக்குத் தலை முழுக்க நரை, வாயில் எந்நேரமும் வெற்றிலை. படத்தில் இருந்ததோ இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண். 1983இல் அப்பாயி இறந்தபோது, பதினாறாம் நாளுக்குள் படம் வேண்டும் என்று ஏதோ பழைய போட்டோவை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, வண்ணமும் தீட்டி வாங்கி வந்தார்களாம். கன்னத்தில் ரோஸ், புடவையில் பச்சை. இடது தோள் பக்கம் மட்டும் நான்கு சின்னப் பூக்கள். மற்றபடி புடவையில் பூவே கிடையாது. அது என்ன டிசைனோ என்று நினைத்துக்கொள்வேன்.

போன தை மாதம் மன்னார்குடிப் பக்கம் எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோது, பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. ராமபாணப் பூச்சி தின்றது போக நாற்பது படம் தேறும். எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தைக்கு 81 வயது. இந்த முகங்களுக்கெல்லாம் பெயர் சொல்ல இனி அவர் ஒருவர்தான்.

(இரண்டு படங்கள் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தன. பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். நான் ஒன்றைக் கெடுத்த பிறகுதான் புத்தி வந்து, அடுத்ததைக் கண்ணாடியோடு ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து போனில் எடுத்தேன்.)

முதலில் சித்தப்பா எடுத்த படங்கள். வேலை கிடைத்த புதிதில் ஆக்ஃபா கிளிக் த்ரீ கேமரா வாங்கினார். ஒரு ரோலுக்கு 12 படம்தான் என்பதால், தீபாவளி, பொங்கல் என்று பார்த்துப் பார்த்து எடுப்பார். அதில் எல்லோரும் இருக்கிறார்கள், பசு மாடு உட்பட. அப்பாயி மட்டும் எதிலும் இல்லை. கேமராவைக் கண்டாலே கொல்லைப்புறம் போய்விடுவார், "போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்" என்பார். நாங்கள் கேலி செய்வோம்.

அப்புறம் அடியில் ஒரு தடித்த அட்டைப் படம். திண்ணைக்கு முன்னால் நாற்காலி போட்டு ஒன்பது பேர். நடுவில் உட்கார்ந்திருப்பது கூடத்துப் படத்துப் பெண்ணேதான். மடியில் ஒரு குழந்தை. அந்தக் காலத்து ஸ்டாண்டு கேமராவுக்குக் கொஞ்ச நேரம் ஆடாமல் இருக்க வேண்டும். குழந்தை தலையைத் திருப்பியிருக்கிறது போல, முகம் வெறும் வெள்ளைப் புகையாக இருந்தது. ஆனால் அம்மாவின் தோளைப் பிடித்திருந்த கை அசையவில்லை. நான்கு விரலும் தெளிவாக விழுந்திருந்தன.

"குழந்தை யாரு அத்தை? அப்பாவா?"

"உங்கப்பன் எங்கடா அப்போ? நானே பொறக்கல. அது எங்க அக்கா."

அத்தைக்கு ஓர் அக்கா இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்தப் படம் எடுக்கப் பணம் பினாங்கிலிருந்து வந்ததாம். தாத்தாவின் அண்ணன் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, மலாயாவில் (இன்றைய மலேசியா) ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். தம்பிக்குப் பெண் பிறந்த சேதி கேட்டு, "எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்று எழுதியிருக்கிறார். எடுத்தது 1941. ஒரு பிரதி பினாங்குக்குப் போனது, ஒன்று வீட்டில். அந்த டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கினான். கடிதம் நின்றது. சண்டை முடிந்து ஊர் திரும்பிய ஒருவர்தான், அவரை ஜப்பான்காரர்கள் சயாமில் (தாய்லாந்தில்) போட்ட ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போனதாகச் சொன்னாராம். அங்கே செத்துப்போன ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்களில் அவரும் ஒருவராக இருக்க வேண்டும். போட்டோ அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்குக்கூடப் பதில் வரவில்லை.

குழந்தை அதற்கு முன்பே போய்விட்டது. படம் எடுத்த அடுத்த சித்திரையில் அம்மை.

"ஒரே போட்டோவுல ரெண்டு உசுரு போச்சுன்னு அம்மா நெனச்சுது. அதுக்கப்புறம் யார் கேட்டாலும் நிக்கல" என்றார் அத்தை. சொல்லிவிட்டு எழுந்து காபி போடப் போய்விட்டார். நாங்கள் எத்தனை தீபாவளிக்கு அப்பாயியைக் கையைப் பிடித்து இழுத்திருப்போம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாலையைக் கழற்றிவிட்டுக் கூடத்துப் படத்தைப் பார்த்தேன். வண்ணம் தீட்டியவர் குழந்தையைப் பச்சையால் மூடிவிட்டார். விரல்களை என்ன செய்வதென்று தெரியாமல், விரலுக்கு ஒரு பூவாக மாற்றியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. யார் குழந்தை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மறுவாரம் படங்களுக்குப் பின்னால் பெயர் எழுத மறுபடியும் அத்தையிடம் போனேன். பால் பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் விடும் என்று பென்சில் வைத்திருந்தேன். சித்தப்பா எடுத்த ஒரு பொங்கல் படத்தை அத்தை வெகுநேரம் பார்த்தார். முன்னால் நாங்கள் கரும்போடு நிற்கிறோம். பின்னால் கொல்லைக் கதவு பாதி சாத்தியிருக்கிறது. கதவுக்கு அடியில் ஒரு பாதமும் கொஞ்சம் புடவைக் கரையும்.

"இது அம்மா காலு. சுண்டுவிரல் மடங்கியிருக்கு பாரு. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்: அப்பாயி, கொல்லைக் கதவுக்குப் பின்னால்.