குணா படத்து 'கண்மணி அன்போடு' நிஜமாவே லவ் சாங் தானா?

நைட்ஷிப்ட்_தம்பி:
மஞ்சும்மல் பாய்ஸ் மலையாளப் படம் பாத்ததுல இருந்து இந்தப் பாட்டு மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு, சரின்னு குணா படத்த முழுசா உக்காந்து பாத்தேன், பாத்தா மேட்டரே வேற. ரிங்டோன், ஸ்டேட்டஸ், கல்யாண வீடியோன்னு எல்லா இடத்துலயும் உருகி உருகி போடறாங்க, ஆனா படத்துல குணா, அதான் கமல், ஒரு பொண்ண கடத்திட்டு வந்து கொடைக்கானல் மலையில ஒளிச்சு வச்சிருக்கான், அவளுக்கே லெட்டர் எழுதறான், அதையும் அவ கையாலயே எழுத வைக்கறான். இதுல காதல் எங்கங்க இருக்கு? பாட்டு உருவான விதம் பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

பழைய_கேசட்:
தம்பி, இளையராஜா இசை, வாலி எழுதுனது, கமலும் ஜானகியம்மாவும் பாடுனது, இது எல்லாருக்கும் தெரியும். விஷயம் எங்க இருக்குன்னா, அவன் முதல்ல பேசறான், சும்மா பேச்சு, மெட்டே கிடையாது. லெட்டரா, மடலா, கடுதாசியான்னு தடுமாறிட்டு கடிதம்னே இருக்கட்டும்னு விடறான் பாருங்க, எழுதத் தெரியாதவன் லெட்டர் சொன்னா அப்படித்தான் இருக்கும். அதையே அவ திருப்பிப் படிக்கும்போது மெட்டுல வருது, உடனே அவன் "பாட்டாவே படிச்சிட்டியா"ன்னு கேப்பான். அதாவது ஒரே விஷயம் ரெண்டு தடவ வருது, முதல்ல கரடுமுரடா, அப்புறம் பாட்டா. அவன் சொல்லாத ஒரு பெரிய உவமையக் கொண்டு வந்து வாலி அங்க சொருகியிருக்கலாம், சொருகல, அதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதே ராஜா வாலி ஜோடிதான் தளபதிக்கும், ரெண்டு படமும் 1991 தீபாவளிக்கு ஒரே நாள்ல ரிலீஸ்! தளபதி கூட்டத்துல குணா அப்ப அமுங்கிப் போச்சு.

கடையூர்_பொண்ணு:
லெட்டர் யாருக்குன்னு புரிஞ்சா உங்க டவுட்டு பாதி போயிடும். அவன் எழுதறது எதிர்ல உக்காந்திருக்கற ரோகிணிக்கு, அதான் அந்தக் கடத்திட்டு வந்த பொண்ணுக்கு இல்ல, அவன் மனசுல இருக்கற அபிராமிக்கு. எங்க ஊரு திருக்கடையூர் அபிராமி பட்டர் கதை ஞாபகம் இருக்கா, சரபோஜி ராஜா திதி என்னன்னு கேட்டப்ப தை அமாவாசைய பௌர்ணமின்னு சொல்லிட்டாரு, ஏன்னா அவர் கண்ணு முன்னாடி அம்பாள் முகம்தான் நிலாவா தெரிஞ்சது, ஊரே பைத்தியம்னு சொல்லுச்சு, அப்புறம் அந்தாதி பாடப் பாட அம்பாள் காதுத் தோட்டக் கழட்டி வீசி நிலாவ வர வச்சான்னு சொல்லுவாங்க. இப்ப குணாவப் பாருங்க, பைத்தியம்னு பேரு, அபிராமி வருவான்னு காத்திருக்கான், பௌர்ணமியன்னிக்குத்தான் கல்யாணம்ங்கறான். 'பார்த்த விழி பார்த்தபடி' பாட்டுல வர்ற நாயகி நான்முகி அப்படியே அந்தாதிதான். கடிதத்துலயும் சிவகாமி, சிவனில் பாதின்னு வருதே, காதலிக்கு எவன் இப்படி எழுதுவான் 😄 அதனாலதான் இது மனிதக் காதல் இல்லன்னு ஒரு வரி. நம்மாளுங்க அத டயலாக் மாதிரி அடிச்சு விடறாங்க, அவன் அத நெஜமாவே நம்பிச் சொல்றான்.

சும்மா_ஒரு_டவுட்:
அக்கா, பட்டர் யாரையும் கடத்தலையே. அம்பாள் பக்தின்னு சொல்லிட்டா எல்லாம் சரியாயிடுமா? அவளுக்கு ரோகிணின்னு சொந்தமா ஒரு பேரு இருக்கு, அந்த லெட்டர்ல அது ஒரு இடத்துலயும் இல்ல. அவன் தலைக்குள்ள இருக்கற ஒருத்திக்கு இவ உருவம், அவ்ளோதான். ஆனா பழைய_கேசட் அண்ணன் சொன்னத வச்சு யோசிச்சா ஒண்ணு தோணுது, அந்த உளறல பாட்டாக்கறது அவதான். காயம் தானா ஆறிடும், நான் அழுதா உன்னத் தாக்கிடுமோன்னு அவன் பேச்சுல வர்றதெல்லாம் அவ குரல்ல போய்த்தான் நமக்கு அழுகை வர்ற மாதிரி ஆகுது. காதல்னு ஒண்ணு இருந்தா அது அங்கதான் ஆரம்பிக்குது, அவகிட்ட. அவன்கிட்ட இருக்கறது வேற.

கொச்சின்_எக்ஸ்பிரஸ்:
மஞ்சும்மல் டைரக்டர் அந்த வேற ஏதோவத்தான் புடிச்சிருக்காரு. 2006ல நிஜமா நடந்தது, கொச்சி பக்கத்துல மஞ்சும்மல் பசங்க, குணா குகைல ஒருத்தன் விழுந்துட்டான், ஃப்ரெண்டே உள்ள இறங்கித் தூக்கிட்டு வந்தான். வெள்ளைக்காரன் காலத்துல டெவில்ஸ் கிச்சன்னு இருந்த இடம், படம் வந்தப்புறம்தான் குணா குகை. படத்துல அவங்க மேல வர்றப்ப அந்த 'மனிதக் காதல் அல்ல' வரி போடறாங்க, நான் பாத்த தியேட்டர்ல ஒருத்தனும் சீட்ல இல்ல. ஆம்பளையா பொம்பளையாங்கறதெல்லாம் அங்க ஒண்ணுமே இல்லாம போச்சு. கமலே அந்த டீம மீட் பண்ணப்ப இது எனக்கும் ராஜாவுக்கும் நடுவுல உள்ள லவ் லெட்டர்னு பேசுனாரே. அப்புறம் ராஜா தரப்புல இருந்து படக்காரங்களுக்கு காப்பிரைட் நோட்டீஸ் போச்சு, அதுவும் ஒரு வகை கடிதம்தான் 😂

நைட்ஷிப்ட்_தம்பி:
நோட்டீஸ் 😂😂 பட்டர் கதை எனக்குத் தெரியவே தெரியாது அக்கா, தேங்க்ஸ். ஆனா அந்த ரோகிணி பேரு மேட்டர் இன்னும் உறுத்துது, அதுல நான் டவுட்டு பக்கம்தான். அடுத்த மாசம் அக்கா கல்யாண வீடியோவுக்கு இதத்தான் போடணும்னு மாமா ஒத்தக் கால்ல நிக்கறாரு, அவர்கிட்ட இதெல்லாம் சொல்லலாமா வேணாமா?

பழைய_கேசட்:
சொல்லாத. வீடியோக்காரன்கிட்ட அந்தப் பேச்ச மட்டும் வெட்டிடாதன்னு சொல்லு, பாதிப் பேரு அதத்தான் வெட்டறானுங்க.